முழங்கையில் ஒளிந்திருக்கும் துணுக்கு

நாயின் முழங்கை எங்கே இருக்கிறது, காட்டுங்கள் பார்க்கலாம். முன்னங்காலின் நடுவில் மடங்குகிற இடத்தைத்தான் பெரும்பாலோர் காட்டுவார்கள். அது முழங்கை அன்று, மணிக்கட்டு! நாய் விரல்களை ஊன்றி நடக்கும் பிராணி. அதன் உள்ளங்கை எலும்புகள் தரையில் படியாமல் நிமிர்ந்து நிற்பதால் மணிக்கட்டு அவ்வளவு உயரத்துக்குப் போய்விட்டது. முழங்கை இன்னும் மேலே, நெஞ்சை ஒட்டி இருக்கிறது. பெரிய நாய்களுக்கு, படுத்துப் படுத்து மயிர் உதிர்ந்து காய்த்துப்போன ஒரு மேடு அங்கே இருக்குமே, அதுதான் முழங்கையின் பின்முனை.

இப்போது உங்கள் முழங்கையை மடக்கி, கூராக நிற்கும் முனையைத் தொட்டுப் பாருங்கள். அது அல்னா என்ற எலும்பு. அதற்கு அருகே இருப்பது ரேடியஸ். மேலேயிருந்து வருவது ஹியூமரஸ். நமக்கும் நாய்க்கும் இந்த மூன்று எலும்புகள் கூடுமிடம்தான் முழங்கை. வேலையில்தான் வேறுபாடு. நம் முழங்கை எதையாவது தூக்கும்போது மட்டும் பாரம் தாங்குகிறது. நாயின் முழங்கைக்கோ நிற்கும்போதும் நடக்கும்போதும் ஓய்வே கிடையாது. உடல் எடையில் சுமார் 60 சதவீதம் முன்னங்கால்களின் மேல்தான் விழுகிறது. அந்தப் பாரத்தை முழங்கையில் ரேடியஸும் அல்னாவும் ஏறக்குறையச் சரிபாதியாகப் பங்கிட்டுக்கொள்கின்றன. அல்னாவின் பங்கு முக்கியமாக அதன் உட்புறத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு சிறு முனையின்மேல் இறங்குகிறது. கரோனாய்டு முனை என்று அதற்குப் பெயர். நம் கதை முழுவதும் அந்த முனையைப் பற்றியதுதான்.

லாப்ரடார் குட்டி பிறக்கும்போது அரைக் கிலோ எடைகூட இருக்காது. ஓராண்டில் 30 கிலோவை எட்டிவிடும். இந்த வேகத்தில் ரேடியஸும் அல்னாவும் ஒரே சீராக நீள வேண்டும். ரேடியஸ் சற்றுப் பின்தங்கினால் மூட்டுக்குள் படிக்கட்டுபோல ஒரு மேடுபள்ளம் உண்டாகும். பாரம் கரோனாய்டு முனையின் தலையில் விழும். குருத்தெலும்புக்கு அடியில் கண்ணுக்குத் தெரியாத விரிசல்கள் தோன்றும். நாளடைவில் முனை உடைந்து ஒரு துணுக்காகக்கூட ஆகலாம். 1970-களில் சுவீடன் நாட்டு ஆய்வாளர் ஸ்டென் எரிக் ஓல்சன் இந்தத் துணுக்கைப் பற்றி விரிவாக எழுதினார். நோய்க்கு இது ஒன்றே காரணம் என்று சொல்லிவிட முடியாது. பரம்பரைக்கும் பெரிய பங்கு உண்டு. லாப்ரடார், கோல்டன் ரிட்ரீவர், ராட்வைலர், பெர்னீஸ் மலைநாய் போன்ற கனத்த இனங்களில்தான் இதை அதிகம் பார்க்கிறோம். ஜெர்மன் ஷெப்பர்டு நாய்களுக்கு இன்னொரு வகையும் வரும். அல்னாவின் மேற்பக்கத்திலுள்ள வேறொரு முனை, 5 மாத வயதுக்குள் எலும்போடு ஒட்ட வேண்டியது, ஒட்டாமலே நின்றுவிடும். இவற்றையெல்லாம் சேர்த்து ‘எல்போ டிஸ்பிளேசியா’, அதாவது முழங்கை வளர்ச்சிக் கோளாறு, என்கிறார்கள்.

ஐந்தாறு மாதக் குட்டி நொண்டத் தொடங்குகிறது. நோகும் முன்னங்காலை ஊன்றும்போது தலையைத் தூக்கும். நல்ல காலை ஊன்றும்போது தலையைத் தாழ்த்தும். இதைக் கொண்டே எந்தக் கால் என்று சொல்லிவிடலாம். ஆனால் பல குட்டிகளுக்கு இரண்டு முழங்கைகளிலும் நோய் இருக்கும். இரண்டும் வலித்தால் எந்தக் காலுக்காக நொண்டுவது? அது சின்ன அடி வைத்து நடக்கும், சீக்கிரம் உட்கார்ந்துகொள்ளும். வீட்டார் ‘சோம்பேறி நாய்’ என்று பட்டம் கட்டிவிடுவார்கள்.

மருத்துவர் எக்ஸ் கதிர்ப் படம் எடுக்கிறார். படம் சுத்தமாக இருக்கிறது! அப்படியானால் நோய் இல்லையா?

இதற்கு விடை காண ஒரு சோதனை செய்யுங்கள். இரண்டு பூவரசு இலைகளுக்கு நடுவே ஒரு வேப்பிலையை வைத்து வெயிலுக்கு எதிரே பிடியுங்கள். ஓரங்களில் பெரிய இலையின் நரம்புகூடத் தெரியும். நடுவில் எல்லாம் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக் கருத்துக் கிடக்கும். வேப்பிலையைப் பிரித்தறிவது கடினம். எக்ஸ் கதிர்ப் படமும் இப்படித்தான். கதிரின் வழியில் இருக்கும் எல்லாப் பொருள்களின் நிழல்களும் ஒரே தளத்தில் கூடி விழுகின்றன. முழங்கையைப் பக்கவாட்டில் படமெடுத்தால் கரோனாய்டு முனையின் நிழல் ரேடியஸின் தலை நிழலுக்குள் புகுந்துவிடும். துணுக்கு அங்கேயே இருக்கும்; கண்ணுக்குத் தெரியாது.

மருத்துவர்கள் சும்மா இருப்பார்களா? காலை நீட்டி ஒரு படம், மடக்கி ஒரு படம், முன்னிருந்து ஒரு படம், சற்றே சாய்த்து ஒரு படம் என்று எடுக்கிறார்கள். துணுக்கு தெரியாவிட்டால் அதன் தடயங்களைத் தேடுகிறார்கள். பாரம் மிகுந்த இடத்தில் எலும்பு இறுகிக் கூடுதல் வெண்மையாகத் தெரியும். மூட்டின் ஓரங்களில் புதிய எலும்பு முளைகள் கிளம்பும். ஆனால் முளைகள் கிளம்பப் பல வாரங்கள், மாதங்கள் ஆகும். சிகிச்சைக்கு ஏற்ற காலத்தில் படம் வாய் திறப்பதில்லை. படம் பேசும்போது மூட்டு தேயத் தொடங்கியிருக்கும். இந்நோயில் சங்கடமே இதுதான்.

ஒன்றின்மேல் ஒன்று விழுந்த நிழல்களைப் பிரித்தெடுக்க வழி உண்டா? ஒரு கணக்குப் போடுவோம். இரண்டு வரிசை, இரண்டு நிரல் கொண்ட கட்டத்தில் நான்கு எண்கள் மறைந்திருக்கின்றன. மேல் வரிசையின் கூட்டல் 5, கீழ் வரிசை 11. இடது நிரல் 3, வலது நிரல் 13. எண்கள் என்ன? 1, 4, 2, 9 என்று ஒருவர் சொல்லலாம். 0, 5, 3, 8 என்று இன்னொருவர் சொல்லலாம். இரண்டும் பொருந்தும்! இடது மேல் மூலையிலிருந்து வலது கீழ் மூலைக்குப் போகும் மூலைவிட்டத்தின் கூட்டல் 10 என்று தெரிந்தால் விடை ஒன்றுதான்: 1, 4, 2, 9. ஒவ்வொரு எக்ஸ் கதிரும் ஒரு கூட்டல் தொகை. போதுமான திசைகளிலிருந்து கூட்டல்களை எடுத்தால் உள்ளே எந்த இடத்தில் என்ன இருக்கிறது என்று கண்டுபிடித்துவிடலாம். கட்டங்கள் நான்கல்ல, லட்சக்கணக்கில் இருப்பதால் கம்ப்யூட்டர் வேண்டியிருக்கிறது.

இதுதான் சி.டி. ஸ்கேன். இங்கிலாந்தின் காட்ஃபிரி ஹவுன்ஸ்ஃபீல்டு முதலில் செய்துபார்த்த கருவிக்கு ஒரு படத்துக்கான அளவுகளை எடுக்க 9 நாட்கள் பிடித்தன. 1971-இல் லண்டன் மருத்துவமனை ஒன்றில் முதல் நோயாளியின் மூளையைப் படமெடுத்தார்கள். கணிதத்தை முன்பே வகுத்திருந்த ஆலன் கார்மாக்கும் ஹவுன்ஸ்ஃபீல்டும் 1979-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர். மனிதனின் மூளைக்காகப் பிறந்த கருவி பின்னால் நாயின் முழங்கைக்கும் வந்தது.

நாயிடம் ‘அசையாதே’ என்று சொல்லி என்ன பயன்? அதனால் மயக்க மருந்து கொடுக்கிறார்கள். முன்னங்கால்கள் இரண்டையும் முன்னால் நீட்டிவைத்து, கதிரின் வழியில் மண்டையோடு குறுக்கிடாதபடி தலையை ஒரு பக்கமாக ஒதுக்கிவிடுகிறார்கள். வளையம் சுழல்கிறது. வாழைத்தண்டை வட்டம் வட்டமாக நறுக்கியதுபோல, ஒரு மில்லிமீட்டரோ அதற்கும் குறைவோ தடிமனான துண்டங்களாக இரண்டு முழங்கைகளும் திரையில் வருகின்றன. ரேடியஸ் ஒரு பக்கம், கரோனாய்டு முனை ஒரு பக்கம். ஒன்றின் நிழல் மற்றொன்றின்மேல் விழ வழியே இல்லை. விரிசல், துணுக்கு, படிக்கட்டு எல்லாம் தனித்தனியே தெரிகின்றன.

இதற்கும் எட்டாத ஒன்று உண்டு. சாதாரண சி.டி. படத்தில் எலும்பு தெரியும் அளவுக்கு அதன்மேல் போர்த்திய குருத்தெலும்பு தெரியாது. அதைப் பார்க்கச் சிறு துளையிட்டு மெல்லிய குழல் நோக்கியை மூட்டுக்குள் செலுத்துகிறார்கள். ஆர்த்ராஸ்கோப் என்பது அதன் பெயர். துணுக்கு இருந்தால் அதே வேளையில் எடுத்தும் விடலாம். எடுத்த பின்பும் மூட்டு பழையபடி ஆகிவிடும் என்று உறுதி சொல்ல முடியாது. நாயின் எடையைக் கட்டுக்குள் வைப்பதும் அளவான நடையும் வாழ்நாள் முழுவதும் தேவைப்படும்.

சரி, பழைய எக்ஸ் கதிரைக் கைவிட்டுவிட்டார்களா? இல்லை. அது மலிவு, எங்கும் கிடைக்கிறது. இனப்பெருக்கத்துக்கு நாய்களைத் தேர்ந்தெடுக்கும்போது இன்றும் அதையே நம்புகிறார்கள். 1989-இல் தொடங்கிய சர்வதேச முழங்கை ஆய்வுக் குழு வகுத்த முறைப்படி, 12 மாத வயதுக்குப் பின் முழங்கையைப் படமெடுத்து 0 முதல் 3 வரை தரம் இடுகிறார்கள். எலும்பு முளை 2 மி.மீ.க்குள் இருந்தால் 1, 5 மி.மீ. வரை 2, அதற்கு மேல் போனாலோ துணுக்கே தெரிந்தாலோ 3. பூஜ்யம் என்றால் நல்ல முழங்கை. ஆனால் பல மரபணுக்கள் கூடி வரவழைக்கும் நோய் இது. பூஜ்யம் வாங்கிய தாய்க்கும் தந்தைக்கும் பிறந்த குட்டியும் நொண்டலாம். ஆகவே நுணுக்கமாகத் தேர்வு செய்பவர்கள் பெற்றோரின் படத்தோடு நிற்பதில்லை. அதன் உடன்பிறந்த குட்டிகளின் முழங்கைப் படங்களையும் கேட்டு வாங்கிப் பார்க்கிறார்கள்.