மங்கில் வடிந்த பால் மீண்டும் ஊறுவது எப்படி?

விடியற்காலையில் பட்டையைச் சீவியதும் மங்கில் வந்து விழும் பாலை மரத்தின் சாறு என்றே நம்மில் பலர் எண்ணி வருகிறோம். அது சரியன்று. வேர் உறிஞ்சிய நீர் கட்டையின் வழியே மேலேறுகிறது. பாலோ, பட்டையிலுள்ள நுண்ணிய குழாய்களில் நிறைந்திருக்கிறது. பல உயிரணுக்கள் ஒன்றோடொன்று இணைந்து உண்டானவை அக்குழாய்கள். ஆகவே, மங்கில் சேர்வது உயிரணுக்களின் உட்பொருளே ஆகும். அதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு ரப்பர். மற்றதில் பெரும்பகுதி நீர். புரதமும் சர்க்கரையும் சிறிதளவு உண்டு.

உட்பொருளை இழந்த உயிரணு எவ்வாறு பிழைக்கிறது? அதன் உட்கரு பாலோடு வெளியேறாமல் பெரும்பாலும் குழாயினுள்ளேயே தங்கிவிடுகிறது. அதனுள்தான் டி.என்.ஏ. என்னும் நீண்ட இழை இருக்கிறது. மரம் எந்தெந்தப் புரதங்களை ஆக்க வேண்டும் என்னும் குறிப்புகள் நான்கே வகை எழுத்துகளால் அதில் எழுதப்பட்டுள்ளன எனலாம்.

தோட்ட அலுவலகத்துப் பெரிய கணக்கேட்டைக் கிராணியார் வெளியே கொடுப்பதில்லை. வேண்டிய பகுதியை மட்டும் ஒரு சீட்டில் எழுதித் தருவார் அல்லவா? உட்கருவும் அவ்வாறே செய்கிறது. ஆர்.என்.ஏ. என்னும் நகற்சீட்டு வெளியே வருகிறது. ரைபோசோம் என்னும் நுண்துகள் அதனை மும்மூன்று எழுத்தாகப் படிக்கிறது. நான்கு எழுத்துகளை மும்மூன்றாகச் சேர்த்தால் 64 சொற்கள் கிடைக்கும். அவற்றுள் 61 சொற்கள் 20 வகை அமினோ அமிலங்களைக் குறிப்பன. எஞ்சிய 3 சொற்கள் 'இத்துடன் நிறுத்துக' என்னும் கட்டளைகள். படிக்கப் படிக்க, அமினோ அமிலங்கள் மணி கோத்தாற்போல் தொடர்ந்து, மடிந்து, புரதமாகின்றன. ரைபோசோமின் அமைப்பை ஆராய்ந்து 2009ஆம் ஆண்டில் நோபல் பரிசு பெற்ற மூவருள் ஒருவரான வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன், தமிழ்நாட்டின் சிதம்பரத்தில் பிறந்தவர் என்பது குறிப்பிடத்தக்கது.

இங்கு ஒன்றைத் தெளிவாக்க வேண்டும். ரப்பர், புரதம் அன்று. இலைகள் ஆக்கி அனுப்பும் சர்க்கரையிலிருந்து ரப்பரை உண்டாக்கும் நொதிகளே புரதங்கள். மரபணுவில் இருப்பது ரப்பருக்கான குறிப்பன்று; ரப்பரை ஆக்கும் வேலையாட்களுக்கான குறிப்பு.

பால் வடியும்போது இந்நொதிகளுள் பலவும், ரைபோசோம்களும், நகற்சீட்டுகளும் அதனோடு சேர்ந்து போய்விடுகின்றன. உட்கரு மீண்டும் நகலெடுக்க வேண்டும். புரதங்கள் புதிதாக உருவாக வேண்டும். இலையிலிருந்து சர்க்கரை இறங்கி வர வேண்டும். இவை ஒரு சில மணி நேரத்தில் முடியும் வேலைகள் அல்ல. ஒரு நாள் விட்டு ஒரு நாள் சீவும் முறைக்கு இதுவே காரணம்.

ஒட்டுக்கட்டி வளர்த்த ஆர்.ஆர்.ஐ.எம். 600 வகை மரங்கள் அனைத்திலும் இருப்பது ஒரே குறிப்பேடுதான். ஆயினும், ஒரே நிரையில் ஒன்று நன்றாகப் பால் கொடுக்க, அடுத்தது வறண்டு நிற்பதை நாம் காண்கிறோம். மண்ணும் நோயும் ஒருபுறம் இருக்க, அளவுக்கு மீறிச் சீவுவதும் இதற்கு ஒரு முக்கியக் காரணம். ரப்பர் விலை ஏறும்போது ஓய்வு நாளிலும் கத்தி வைக்கத் தோன்றும். அவ்வாறு சீவப்படும் மரத்தில் முதலில் பால் நீர்த்துப்போகும். பின்னர் வெட்டுக் கோட்டில் ஆங்காங்கே பால் கசியாத திட்டுகள் தோன்றும். அந்நிலையிலேயே சீவலை நிறுத்திச் சில மாதங்கள் விட்டு வைத்தால் பல மரங்கள் தேறிவிடுகின்றன. பட்டை பழுப்பேறித் தடித்து வெடித்த மரங்களோ பெரும்பாலும் தேறுவதில்லை.