பேர் வெட்டிய பிறகு வரும் முதல் வருசம்

புது வருசம் பிறந்துவிட்டது. தைப் பொங்கலுக்காக லயத்துக்கு வெள்ளை அடித்து, இஸ்தோப்பை மெழுகி எல்லோரும் தயாராகிக்கொண்டிருப்பீர்கள். சில வீடுகளில் இந்த வருசம் இன்னொரு காரியமும் நடக்கப் போகிறது. அம்மாவுக்கோ அப்பாவுக்கோ 60 வயது முடிந்து, செக்ரோலில் இருந்து பேர் வெட்டப் போகிறார்கள். அவர்களையும் அவர்கள் வீட்டுப் பிள்ளைகளையும் நினைத்தே இதை எழுதுகிறோம்.

"பேரு வெட்டுனதுக்கப்புறம் என்னா செய்யப் போறீங்க?" என்று கேட்டால் நமது ஆட்கள் சொல்லும் பதில் பெரும்பாலும் ஒன்றுதான். "என்னாத்த செய்யிறது, வீட்டுல கெடக்க வேண்டியதுதான்." 18 வயதில் பேர் பதிந்த ஒருவர் 42 வருசம் பெரட்டுக்குப் போயிருக்கிறார். எந்த மலைக்குப் போவது, எத்தனை கிலோ எடுப்பது, எப்போது கொழுந்து நிறுப்பது என்று எல்லாவற்றையும் இன்னொருவரே சொல்லி வந்தார். அப்படி இருந்தவருக்குத் திடீரென்று ஒரு திங்கட்கிழமை முழுக்க முழுக்கத் தன்னுடையதாக வந்து நின்றால் திகைப்பாகத்தான் இருக்கும். ஆனால் அந்தத் திங்கட்கிழமை ரொம்ப நாளைக்குச் சும்மா கிடக்காது. நாம் ஒரு திட்டம் போடாவிட்டால் வீட்டில் உள்ள மற்றவர்கள் போட்டுவிடுவார்கள். கையில் வரும் காசுக்கும் இதே கதிதான். அதனால் பேர் வெட்டுவதற்கு முந்திய வருசத்திலேயே இரண்டையும் பற்றி யோசித்து வைக்க வேண்டும் என்கிறோம்.

முதலில் காசு. ஊழியர் சேமலாப நிதிக்கு நமது சம்பளத்தில் 8 வீதமும், தோட்டத்தின் பக்கமிருந்து 12 வீதமும் சேர்கிறது. ஊழியர் நம்பிக்கை நிதிக்குத் தோட்டம் 3 வீதம் கட்டுகிறது. அதற்கு நம்மிடம் ஒரு சதமும் வெட்டுவதில்லை. சில தோட்டங்களில் சேமலாப நிதிக்குப் பதிலாக ஈ.எஸ்.பி.எஸ் என்ற சங்கத்துக்குக் காசு போயிருக்கும். அதற்கு விண்ணப்பம் வேறு. நமது காசு எங்கே போயிருக்கிறது என்பதை ஆபிஸில் இப்போதே கேட்டு வையுங்கள்.

மூன்றாவது சேவைக்காலப் பணம். 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டப்படி, 5 வருசமோ அதற்கு மேலோ வேலை செய்தவருக்கு இது சேர வேண்டும். நாட்சம்பளக்காரருக்கு முழுதாக வேலை செய்த ஒவ்வொரு வருசத்துக்கும் 14 நாள் சம்பளம். கடைசியாக வாங்கிய சம்பளத்தை வைத்தே கணக்குப் பார்ப்பார்கள். கணக்கு இலேசாக இருக்க நாட்சம்பளம் 1,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 30 வருச சேவைக்கு 14 நாள் வீதம் 420 நாள், அதாவது 4,20,000 ரூபாய். உங்கள் சம்பளத்தையும் உங்கள் வருசத்தையும் போட்டுப் பேரப்பிள்ளையை விட்டுக் கணக்குப் பார்க்கச் சொல்லுங்கள். வேலையை விட்டு 30 நாளுக்குள் இதைக் கொடுக்க வேண்டும் என்பது சட்டம். சில தோட்டங்களில் இந்தக் காசுக்காகப் பல வருசம் காத்திருந்தவர்கள் உண்டு. அப்படி இழுபட்டால் வாயால் கேட்டுக்கொண்டே இருக்காமல், தொழில் திணைக்களத்துக்கு எழுத்தில் முறைப்பாடு கொடுங்கள்.

வயது பற்றியும் ஒரு குழப்பம் இருக்கிறது. 2021இல் வந்த 28ஆம் இலக்கச் சட்டத்துக்குப் பிறகு தனியார் துறையில் ஓய்வு வயது ஆணுக்கும் பெண்ணுக்கும் 60. சேமலாப நிதியை எடுக்கும் வயது வேறு. பெண்கள் 50 வயதிலும் ஆண்கள் 55 வயதிலும் வேலையை விட்டு விலகினால் அதை எடுக்கலாம். இதைக் கேட்டுவிட்டு, "ஐம்பது ஆச்சு, எழுதிக் குடுத்துட்டு காச எடு" என்று அம்மாவை நெருக்கும் பிள்ளைகளும் உண்டு. 50 வயதில் விலகும் ஒரு பெண் 10 வருசச் சம்பளத்தையும், அந்த 10 வருசத்துக்குச் சேரும் சேவைக்காலப் பணத்தையும் விட்டுப் போகிறாள். உடம்பு முடியாமல் விலகுவது வேறு விசயம். பிள்ளையின் கடனை அடைக்க விலகுவதை நாங்கள் நல்லதென்று சொல்ல மாட்டோம்.

காசு கிடைப்பதில் பெரிய தடங்கல் பேர்தான். செக்ரோலில் ராமாயி, அடையாள அட்டையில் இராமாய், பிறப்புச் சான்றிதழில் இன்னொன்று. நம் பேரை யார் யாரோ தம் காதுக்குக் கேட்டபடி எழுதி வைத்த வினை இது. அடையாள அட்டையையும், சேமலாப நிதிக் கணக்குக் கூற்றையும், வங்கிப் புத்தகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒருநாள் எழுத்து எழுத்தாகப் பாருங்கள். வித்தியாசம் இருந்தால் வேலையில் இருக்கும்போதே திருத்த ஆரம்பியுங்கள். பேர் வெட்டிய பிறகு ஹட்டனுக்கும் நுவரெலியாவுக்கும் பஸ் காசு கொடுத்து அலைவதை விட இது மேல். உங்களுக்குப் பிறகு காசு யாருக்கு என்று எழுதிக் கொடுத்த பேரையும் பாருங்கள். கலியாணத்துக்கு முன்னே எழுதியது அப்படியே கிடக்கலாம்.

காசு வந்தது என்று வையுங்கள். அம்மாவின் ஈபிஎப் வந்தால் லயத்துக்கு ஒரு த்ரீவீல் வரும் என்று வேடிக்கையாகப் பேசிக்கொள்வதைக் கேட்டிருப்பீர்கள். மகனுக்கு உதவுவது தப்பில்லை. ஆனால் முழுவதையும் கொடுத்துவிட்டு, வெற்றிலைக்கும் மருந்துக்கும் மருமகளிடம் கை நீட்டும் நிலை வேண்டாம். காசு வருவதற்கு முன்னாலேயே குடும்பத்தை உட்கார வைத்து, "இவ்வளவு எனக்கு, இவ்வளவு வீட்டுக்கு, இவ்வளவு உங்களுக்கு" என்று சொல்லிவிடுவது நல்லது. உங்கள் பங்கு உங்கள் பேரிலேயே நிலையான வைப்பில் இருக்கட்டும். மூத்த பிரசைகளுக்கு வட்டி கூடக் கொடுக்கும் வங்கிகள் உண்டு, கேட்டுப் பாருங்கள். 60 வயது முடிந்தவர்கள் பிரதேச செயலகத்தில் முதியோர் அடையாள அட்டைக்கு எழுதிக் கொடுக்கலாம். வங்கி அட்டையின் இரகசிய இலக்கம் உங்கள் நெஞ்சிலேயே இருக்கட்டும், அட்டையோடு சேர்த்துக் கடதாசியில் எழுதி வைக்காதீர்கள்.

இனிப் பொழுது. இதில் ஆம்பிளைக்கும் பொம்பிளைக்கும் ஒரே நியாயம் இல்லை. அப்பாவுக்குப் பேர் வெட்டினால் கோயிலடியில் உட்காரலாம், கடுதாசி விளையாடலாம். அம்மாவுக்குப் பேர் வெட்டிய மறுநாளே இரண்டு பேரப்பிள்ளைகளும் அடுப்பும் விறகும் அவள் தலையில் விழுகின்றன. மலையில் வேலை செய்தபோதாவது ஞாயிற்றுக்கிழமை என்று ஒன்று இருந்தது. பேரப்பிள்ளை ஆசை எல்லோருக்கும் உண்டுதான். ஆனால் தோட்டத்தில் பிள்ளைப் பராமரிப்பு நிலையம் இருக்கிறதே. காலையில் பிள்ளையை அங்கே விட்டால் அம்மாயிக்கு மத்தியானம் வரை பொழுது கிடைக்கும். இதையும் காசைப் போலவே முன்னமே பேசி வைக்க வேண்டும். கிழமையில் எந்த இரண்டு நாள் தன்னுடையது என்று சொல்லிவிட வேண்டும்.

"அந்த ரெண்டு நாள்ல என்னா செய்யிறது?" என்று கேட்கிறீர்கள். பொழுதுபோக்கு என்றால் துரைமார் பந்தடிப்பது மட்டும் அல்ல. லயத்துக்குப் பின்னால் நாலு பாத்தி இருந்தால் போதும். 40 வருசம் மண்ணோடு இருந்தவருக்கு லீக்சும் கரட்டும் நோக்கோலும் யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. இடம் இல்லாதவர்கள் பழைய உரச்சாக்கில் மண் போட்டு வெங்காயத்தாளும் மிளகாயும் வைக்கலாம். நுவரெலியாப் பக்கம் தை, மாசியில் பனி உறைந்து இலை கருகும். ஆகையால் அங்கே இளங்கன்றுகளை இராத்திரியில் மூடி வையுங்கள். மாடு வாங்கும் யோசனையை மட்டும் இரண்டு தடவை யோசியுங்கள். 60 வயதில் மழையில் புல்லுக்கட்டுச் சுமப்பது இன்னொரு கொழுந்துக் கூடைதான். கோழி நாலைந்து வளர்ப்பது இலேசு.

இன்னும் கைநாட்டு வைப்பவர்கள் இந்த வருசம் தம் பேரை எழுதப் பழகலாம். பேத்தியிடம் நாளைக்கு ஒரு எழுத்துக் கற்றால் ஒரு மாதத்தில் பேர் வந்துவிடும். வங்கியில் கையெழுத்தை மாற்றும்போது அந்தப் பேத்தியையே கூட்டிப் போங்கள். எழுத்து வந்த கையோடு போனில் கொழும்பில் உள்ள மகனின் இலக்கத்தைத் தானே தேடி எடுக்கவும் பழகலாம்.

பாட்டுத் தெரிந்தவர்களுக்கு வேறு வேலை இருக்கிறது. 1947இல் தலவாக்கலைத் தொகுதியில் பாராளுமன்றத்துக்குத் தெரிவான சி. வி. வேலுப்பிள்ளை, தொழிற்சங்க வேலையோடு நம் மக்கள் மலையிலும் தாலாட்டிலும் பாடிய பாட்டுக்களையும் தேடிச் சேர்த்து வைத்தார். அவர் 1984இல் காலமானார். அவர் சேர்த்தது போக மிச்சம் எங்கே? உங்கள் வாயில்தான். 2023இல் மலையகம் 200 என்று தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடந்துபோனார்களே, அதற்குப் பிறகு நம் கதையைத் தெரிந்துகொள்ள ஆசைப்படும் பிள்ளைகள் கூடியிருக்கிறார்கள். பேரன் கையில் போன் இருக்கிறது. மழை பெய்யும் ஒரு பின்னேரம் அவனைப் பக்கத்தில் இருத்தி, ஒப்பாரியோ கும்மியோ ஒன்றைப் பாடி, எந்தத் தோட்டத்தில் யாரிடம் கேட்டது என்பதையும் சொல்லிப் பதிய வையுங்கள். "ஏங் கொரலு இப்ப எங்க நல்லா இருக்கு" என்று பின்வாங்காதீர்கள். பாட்டு இருந்தால் போதும்.

உடம்பைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறோம். தலைக்கயிற்றில் கூடை தூக்கிய கழுத்தும் சரிவில் நின்ற முழங்காலும் ஓய்வு வந்ததும்தான் கத்த ஆரம்பிக்கும். சும்மா படுத்தால் இன்னும் இறுகும். தினம் கொஞ்சத் தூரம் நடங்கள். சீனியும் பிரஷரும் பார்க்கவும், கண்ணில் வெள்ளை படர்ந்திருக்கிறதா என்று பார்க்கவும் இந்த வருசத்தில் ஒருநாளைக் குறித்து வையுங்கள். புகையிலையோடு வெற்றிலை போடுகிறவர்கள் வாயில் ஆறாத புண் இருந்தால் ஒரு நாளும் தள்ளிப்போடாமல் காட்டுங்கள்.

சிவனொளிபாதமலைக்குப் போக வேண்டும் என்று 20 வருசமாகச் சொல்லிக்கொண்டிருப்பவர்கள் இந்தப் பருவத்திலேயே போய் வாருங்கள். மார்கழிப் போயாவில் தொடங்கும் பருவம் வெசாக்கோடு முடிந்துவிடும். நல்லதண்ணியில் இருந்து மெதுவாக ஏறினால் போதும், உச்சிக்குப் போயே ஆகவேண்டும் என்று யாரும் எழுதி வைக்கவில்லை.

மாசியில் காமன் கூத்து வருகிறது. தப்பு அடிக்கத் தெரிந்த பெரியவர்களும், ரதி மதன், தூதன், வீரபத்திரன் வேசம் கட்டி ஆடியவர்களும் ஒவ்வொரு டிவிசனிலும் இன்னும் இருக்கிறார்கள். கம்பம் ஊன்றிய பிறகு பையன்களைத் தேடினால் காலம் போதாது. பொங்கல் முடிந்த கையோடு கோயில் கமிட்டியிடம் சொல்லி, ஞாயிறு பின்னேரங்களில் இரண்டு மணி நேரம் பிள்ளை மடுவத்தைத் திறந்து தரச் சொல்லிக் கேளுங்கள்.