பொங்கல் லீவில் குளக்கரையில் பள்ளிப் பிள்ளைகள்: காக்காவை எண்ணினா காட்டுயிர் பிழைக்குமா?

கன்னியாகுமரி மாவட்டம் வட்டக்கோட்டையின் மதில் மேல் நின்றால் ஒரு பக்கம் கடல், மறுபக்கம் மேற்குத் தொடர்ச்சி மலை. நடுவே வயல், குளம், உப்பளம். காட்டுயிர்னா புலி, யானை மட்டும்தான் என்று நினைக்கும் பிள்ளைகளுக்குப் பாடம் தொடங்க ஏற்ற இடம் இந்தக் குளங்கள்தான்.

குமரியில் அப்படி என்ன இருக்கு?

* மலைப் பகுதியில் சுமார் 402 சதுர கி.மீ. பரப்பில் வனவிலங்கு சரணாலயம். யானை, புலி நடமாடும் காடு என்பதால் பிள்ளைகளை நினைத்த நேரத்தில் கூட்டிப் போக முடியாது.
* சமவெளியில் சுசீந்திரம் தேரூர், வேம்பனூர் நீர்நிலைகள். இரண்டும் 2022-ல் சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த 'ராம்சார்' ஈரநிலங்களாக அறிவிக்கப்பட்டன. கூழைக்கடா, நாரை, நீர்க்காகத்தை இங்கே கரையில் நின்றே பார்க்கலாம்.

தன்னார்வலர்கள் என்ன சொல்லிக் கொடுக்கிறாங்க?

தமிழகப் பறவை ஆர்வலர்கள் 2015 முதல் நடத்தும் 'பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு' நல்ல உதாரணம். பொங்கலை ஒட்டிய 4 நாட்கள் நடக்கும். விதி சிம்பிள்: ஓரிடத்தில் குறைந்தது 15 நிமிடம் பறவைகளைக் கவனிக்கணும். எந்தப் பறவை, எத்தனை என்று குறிக்கணும். பட்டியலை 'இபேர்ட்' தளத்தில் ஏற்றணும். காக்கா, மைனாதானே என்று விட்டுவிடக் கூடாது, அதையும் எண்ணணும்.

சாதாரணப் பறவையை ஏன் எண்ணணும்?

சிட்டுக்குருவி அழிஞ்சு போச்சு என்று எல்லோரும் சொல்கிறோம். ஆனால் தன்னார்வலர்களின் பட்டியல்களை வைத்து 2020-ல் வெளியான 'இந்தியப் பறவைகளின் நிலை' அறிக்கை, நாடு முழுக்க அதன் எண்ணிக்கை ஏறக்குறைய நிலையாக இருக்கு, பெருநகரங்களில்தான் குறையுது என்றது. 2023 அறிக்கை 942 இனங்களை ஆராய்ந்து, அதில் 178 இனங்களுக்கு உடனடிக் கவனம் தேவை என்றது. பட்டியல் இல்லாவிட்டால் எது குறையுது, எங்கே குறையுது என்றே தெரியாது.

இது பாடப் புத்தகத்திலேயே இருக்கே?

இருக்கு. சுற்றுச்சூழலைக் கட்டாயப் பாடமாக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1991-லேயே சொல்லிவிட்டது. ஆனால் போன வருஷம் நம்ம ஊர்க் குளத்துக்கு வந்த நாரை இந்த வருஷம் வந்ததா என்பதை எந்தப் புத்தகமும் சொல்லாது. குளம் தூர்ந்தாலோ, கழிவு கலந்தாலோ, கரை சுருங்கினாலோ அதை ஆதாரத்தோடு காட்ட உள்ளூர்க் கணக்கு வேண்டும். பிள்ளைகளின் நோட்டு அந்தக் கணக்கின் ஒரு பகுதி.

கூட்டிப் போகும்போது கவனிக்க வேண்டியவை

* கூட்டுக்குப் பக்கத்தில் போகக் கூடாது. தாய்ப் பறவை பயந்து விலகினால் முட்டையும் குஞ்சும் வெயிலில் கிடக்கும், காக்காவுக்கும் இரையாகும்.
* படம் எடுப்பதற்காகக் கல்லெறிந்து பறக்க விடக் கூடாது.
* பெரியவர் துணையில்லாமல் தண்ணீரில் இறங்கவே கூடாது.

பைனாகுலர் இல்லையே என்று தயங்க வேண்டாம். ஒரு நோட்டும் பேனாவும் போதும், காலை 6 மணிக்குக் கரையில் இருந்தால் சரி.