செவிக்குள் ஒரு பலகணி



“காதில் சீழ் வடிகிறதா? சின்னப் பிள்ளைகளுக்கு அப்படித்தான் இருக்கும், வளர வளரச் சரியாகிவிடும்” என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். என் சித்தி மகளுக்கும் அப்படித்தான் சொன்னார்கள். ஐந்து வயதிலிருந்தே அவளுடைய இடது காது அவ்வப்போது வடிந்துகொண்டிருந்தது. வலி இல்லை, ஆகவே எவருக்கும் கவலையும் இல்லை. பஞ்சால் துடைத்துவிட்டுப் பள்ளிக்கு அனுப்பினார்கள். அங்கிருந்து, ‘வகுப்பில் கவனம் போதாது’ என்று எழுதி வந்தது. பன்னிரண்டாம் வயதில்தான் அவளை மருத்துவரிடம் அழைத்துச் சென்றோம். அன்று நான் கேட்டறிந்ததையும் பிறகு படித்தறிந்ததையும் இங்கே எழுதுகிறேன்.

நம் செவி மூன்று கட்டு வீடு போன்றது. புறச்செவியின் கோடியில் செவிப்பறை என்னும் மெல்லிய சவ்வு இருக்கிறது. அதற்கு அப்பால் காற்று நிறைந்த சிறிய அறையே நடுச்செவி. சுத்தி, பட்டடை, அங்கவடி என்ற மூன்று எலும்புகள் அங்கே சங்கிலிபோல் கோத்து நிற்கின்றன. அங்கவடியின் உயரம் சுமார் 3 மில்லிமீட்டர், அரிசிமணியைவிடச் சிறியது! மூன்றாம் கட்டான உட்செவி, எலும்புக்குள் குடைந்து நீர் நிரப்பியது போன்றது. நத்தைக் கூடுபோல் இரண்டரைச் சுற்றுச் சுருண்ட காக்ளியாவும், உடலின் சமநிலையைக் காக்கும் மூன்று அரைவட்டக் குழல்களும் அதில் உள்ளன.

மூக்கின் பின்புறமிருந்து நடுச்செவிக்கு ஊஸ்டேசியன் குழல் செல்கிறது. குழந்தைகளுக்கு அது குட்டையாகவும் படுக்கை வாட்டமாகவும் இருப்பதால், சளி பிடித்தால் கிருமிகள் எளிதில் ஏறிவிடும். நடுச்செவியில் சீழ் கட்டி, செவிப்பறை பொத்துக்கொள்ளும். இரவெல்லாம் வீறிட்டு அழுத குழந்தை சீழ் வெளிவந்ததும் உறங்கிவிடும். பெரும்பாலான காதுகள் இதிலிருந்து நன்கு குணமடைகின்றன. ஓட்டை மூடாமல் நின்று, காது மாதக்கணக்கில் வடிந்துகொண்டிருப்பதே தொல்லை.

நடுச்செவிக்கும் உட்செவிக்கும் இடையிலுள்ள எலும்புச் சுவரில் இரண்டு பலகணிகள் உண்டு. நீள்வட்டப் பலகணியை அங்கவடியின் பாதம் அடைத்திருக்கிறது. வட்டப் பலகணிக்கோ வெறும் சவ்வுதான் திரை. அதன் தடிப்பு ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. இத்தனை மெல்லிய திரை எதற்கு? நீரை அமுக்க முடியாதல்லவா? அங்கவடி உள்ளே தள்ளும்போது இந்தச் சவ்வு வெளியே புடைத்து இடம் கொடுத்தால்தான் உள்ளிருக்கும் நீர் அசையும். அசைந்தால்தான் நமக்குக் கேட்கும். கேட்பதற்காக வைத்த வழியே பகைவனுக்கும் வழியாகிறது. சீழிலுள்ள நச்சுப் பொருள்கள் இச்சவ்வின் ஊடே மெல்லக் கசிந்து உட்செவி நீரில் கலக்கின்றன.

கசிந்த நஞ்சு முதலில் சேருமிடம் காக்ளியாவின் அடிச்சுற்று. கீச்சென்ற உயர்ந்த ஒலிகளை வாங்கும் மயிரணுக்கள் அங்கேதான் இருக்கின்றன. அடிச்சுற்று உயர்ந்த ஒலிக்கும் நுனிச்சுற்று தாழ்ந்த ஒலிக்கும் உரியன என்பதை ஆராய்ந்து விளக்கிய ஃபான் பேகேஷி 1961-இல் நோபல் பரிசு பெற்றார். ஒரு காதில் இந்த அணுக்கள் சுமார் 15,000 இருக்கும். அழிந்தால் கோழிக்கு மீண்டும் முளைக்கும், மனிதருக்கு முளைப்பதில்லை.

ஆகவேதான் இக்குறையை வீட்டார் அறிவதில்லை. கதவைத் தட்டினால் கேட்கிறது, அப்பா அதட்டினால் கேட்கிறது. ஆனால் சில்வண்டு கேட்பதில்லை. ‘ச’, ‘ஸ’ போன்ற ஒலிகள் நழுவுவதால் பேச்சு காதில் விழுந்தும் சொல் விளங்குவதில்லை. அதைத்தான் கவனக்குறைவு என்று எண்ணிவிட்டோம்.

துர்நாற்றத்துடன் வடியும் காது இன்னும் கொடியது. செவிப்பறையின் தோல் உள்நோக்கி வளர்ந்து எலும்பை அரித்திருக்கக் கூடும். அரிப்பு அரைவட்டக் குழலை எட்டினால் அறையே சுழல்வது போலிருக்கும்; வாந்தியும் வரும். பித்தம் என்று நினைத்து எலுமிச்சம்பழச் சாறு கொடுத்துக்கொண்டிருப்போம்! சீழ் உட்செவிக்குள் புகுந்துவிட்டால் அந்தக் காது முழுச் செவிடாகும். மூளை உறைக்கும் ஆபத்து நேரும்.

மருத்துவர் இசைக்கவையைத் தட்டி என் தங்கையின் நெற்றியில் வைத்தார். நடுச்செவி மட்டும் பழுதென்றால் ஒலி பழுதான காதில்தான் உரக்கக் கேட்குமாம்; உட்செவி பழுதென்றால் நல்ல காதின் பக்கம் ஒதுங்குமாம். அவள் இடது காதைக் காட்டினாள். நாங்கள் மகிழ்ந்தோம். ஆனால் ஒலி புகாத அறையில் கருவியால் சோதித்தபோது, உயர்ந்த ஒலிகளில் உட்செவியும் கெட்டிருப்பது தெரிந்தது. “காதில் என்ன ஊற்றினீர்கள்?” என்று சித்தியைக் கேட்டார். காய்ச்சிய எண்ணெய், கடையில் கேட்டு வாங்கிய சொட்டு மருந்து என்று சித்தி சொன்னார். ஓட்டையுள்ள காதில் விட்டால் சில சொட்டு மருந்துகளே அதே பலகணி வழியாகப் புகுந்து மயிரணுக்களைக் கெடுக்கும் என்று அவர் விளக்கியபோது சித்தி அழுதுவிட்டார்.

காதுக்கு மேலுள்ள தசையின் மெல்லிய உறையை எடுத்துச் செவிப்பறையில் ஒட்டுப் போட்டார்கள். ஓட்டை அடைந்தது, வடிவது நின்றது. இப்போது அவள் ஒன்பதாம் வகுப்பில், இடது காது சுவர்ப்பக்கம் இருக்கும்படி முதல் பெஞ்சில் அமர்கிறாள். பாடம் நன்றாகக் கேட்கிறது. மாலையில் தோட்டத்தில் சில்வண்டு கத்தும்போது மட்டும், வலது காதைப் பொத்திக்கொண்டு, “கத்துகிறதா அக்கா?” என்று என்னைக் கேட்பாள்.