பிள்ளைத்தாய்ச்சிக்கு முதல் சோறு



வீட்டிலே பசு சினையாயிருந்தா என்ன செய்வீங்க? ஏழு மாசம் ஆனதும் கறவையை வற்ற விடுவீங்க. பிண்ணாக்கும் தவிடும் கூட்டி வைப்பீங்க. மற்ற மாடு முட்டித் தள்ளாதபடி தனியாக் கட்டித் தீவனம் போடுவீங்க. இதையெல்லாம் உங்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

அதே வீட்டிலே மருமகள் ஏழு மாசப் பிள்ளைத்தாய்ச்சியா இருந்தா நடப்பது என்ன? விடியுமுன்னே எழுந்து தண்ணி தூக்குறா. நடவுக்குப் போறா. திரும்பி வந்து சமைக்கிறா. எல்லாரும் சாப்பிட்டு எழுந்த பிறகு சட்டியிலே மிஞ்சினதை வழிச்சுச் சாப்பிடுறா. அதிலே சோறு இருக்கும், ரசம் இருக்கும். பருப்பும் காயும் முட்டையும் முன்னாலேயே தீர்ந்து போயிருக்கும். யாரும் வேணும்னு செய்யறதில்லை. வழக்கம் அப்படி. அந்த வழக்கத்தைப் பற்றித்தான் இன்றைக்குப் பேசப் போகிறோம்.

கர்ப்ப காலத்திலே ஒரு பெண்ணுக்கு எவ்வளவு எடை கூட வேண்டும்? நடுத்தர உடம்புக்காரிக்கு மொத்தம் 10 முதல் 12 கிலோ. மெலிந்த உடம்பானால் அதற்கும் மேலே கூடணும். ஏற்கெனவே பருமனாக இருப்பவருக்குக் குறைவாகக் கூடினாலே போதும். முதல் மூணு மாசம் மசக்கை, வாந்தி. அப்போது ஒரு கிலோ, இரண்டு கிலோ கூடினால் சரி. சிலருக்குக் கூடாமலும் இருக்கும். நாலாம் மாசத்திலிருந்து மாசத்துக்கு ஒன்றரை முதல் இரண்டு கிலோ வரை ஏறிக்கொண்டே வரணும்.

"பிள்ளையே மூணு கிலோதானே, மீதி எங்கே போகுது?" என்று கேட்பீர்கள். கணக்குப் பாருங்க. பிள்ளை 3 கிலோ. நஞ்சுக்கொடி அரைக் கிலோவுக்குக் கொஞ்சம் மேலே. பனிக்குடத் தண்ணி முக்கால், ஒரு கிலோ. கருப்பை வளர்வது சுமார் ஒரு கிலோ. மார்பு அரைக் கிலோ. கூடுதலாக ஊறும் ரத்தம் ஒன்றேகால் கிலோ. உடம்பிலே சேரும் நீர் இன்னொரு ஒன்றேகால். மிச்சம் மூணு கிலோ கொழுப்பு. இந்தக் கொழுப்பு வீண் சதையில்லை. நாளைக்குப் பால் கொடுக்க உடம்பு கட்டி வைக்கிற விதைநெல் அது.

இந்த எடை ஏறாவிட்டால் பிள்ளை சவலையாய்ப் பிறக்கலாம். இரண்டரைக் கிலோவுக்குக் குறைந்து பிறக்கும் பிள்ளைக்குச் சளி, காய்ச்சல், உடம்பு சில்லிட்டுப் போவது எல்லாம் சீக்கிரம் வரும். உயிருக்கே ஆபத்தும் அதிகம். தப்பி வளர்ந்தாலும் பெரியவனான பிறகு சர்க்கரை நோய், இருதய நோய் வரும் வாய்ப்புக் கூடுதல். கதிர் பால் பிடிக்கும் நேரத்திலே தண்ணி நிறுத்தினா நெல் பதராகும். பிறகு எவ்வளவு தண்ணி பாய்ச்சினாலும் பதர் மணியாகாது.

சில பெரியம்மாக்கள் சொல்வாங்க: "அதிகம் தின்னா பிள்ளை பெருத்துப் போகும், பிரசவம் கஷ்டமாகும்" என்று. இது பழைய பயம். ஒரு காலத்திலே ஆஸ்பத்திரி தூரம், மருத்துவச்சிதான் கதி; அந்தப் பயத்திலே நியாயம் இருந்தது. ஆனால் வயிற்றைக் காயப்போட்டால் பிரசவம் சுலபமாகும் என்பது சரியில்லை. பிரசவம் தாயின் இடுப்பெலும்பையும், பிள்ளை திரும்பியிருக்கும் விதத்தையும், தாயின் தெம்பையும் பொறுத்தது. சோகை பிடித்த தாய் கொஞ்சம் ரத்தம் போனாலும் தாங்க மாட்டாள். அதுதான் உண்மையான ஆபத்து.

மகாராஷ்டிராவிலே புனே பக்கம் ஆறு கிராமங்களிலே 1993இல் தொடங்கி ஒரு பெரிய ஆராய்ச்சி நடந்தது. புனே கே.ஈ.எம். ஆஸ்பத்திரி டாக்டர் யாஜ்னிக் அதிலே முக்கியமானவர். அங்கே இருந்த பெண்களும் உங்களைப் போல விவசாயக் குடும்பத்துப் பெண்கள்தான். கர்ப்பத்துக்கு முன் அவர்களுடைய சராசரி எடை 42 கிலோதான். இரண்டு விஷயம் தெரிய வந்தது. ஒன்று, கீரை, பழம், பால் அடிக்கடி சாப்பிட்ட தாய்மாருக்குப் பிறந்த பிள்ளைகள் பெரிதாயிருந்தன. இரண்டு, வயல் வேலையும் தண்ணி சுமப்பதும் வீட்டு வேலையுமாக அதிகம் பாடுபட்ட தாய்மாரின் பிள்ளைகள் சிறுத்திருந்தன. ஆக, தட்டிலே என்ன விழுகிறது என்பது ஒரு பாதி. தலையிலும் இடுப்பிலும் என்ன சுமை ஏறுகிறது என்பது மறு பாதி.

இந்த இரண்டுமே அவள் ஒருத்தி கையிலே இல்லை. தட்டிலே என்ன விழணும் என்று தீர்மானிப்பது மாமியாரும் வீட்டுக்காரரும். சுமையை இறக்கி வைப்பதும் அவர்கள்தான். அதனாலேதான் இதை அவளிடம் மட்டும் சொல்லாமல் உங்கள் எல்லாரிடமும் சொல்கிறேன்.

முதலிலே சாப்பாடு. நாலாம் மாசத்திலிருந்து அவளுக்குக் கூடுதலாக வேண்டியது நாளுக்கு 350 கலோரி அளவுதான். ஒரு கைப்பிடி வேர்க்கடலை, ஒரு டம்ளர் பால், ஒரு வாழைப்பழம், கணக்குச் சரியாப் போச்சு. இதோடு தினம் பருப்பு, முருங்கைக் கீரையோ வேறே கீரையோ, முடிஞ்சா ஒரு முட்டை. பால் முழுதும் சொசைட்டிக்கும், நாட்டுக்கோழி முட்டை முழுதும் சந்தைக்கும் போகிற வீடுகள் உண்டு. அய்யா, கேனை மூடுவதற்கு முன்னாலே ஒரு டம்ளரை எடுத்து வையுங்க. அந்த ஒரு டம்ளரால் பால் கணக்கு கெட்டுவிடாது.

பப்பாளி வேண்டாம், அன்னாசி வேண்டாம் என்று வீட்டிலே சொன்னால் அதற்காகச் சண்டை வேண்டாம். கொய்யா கொடுங்க, நெல்லி கொடுங்க. ஆனால் சூடு, குளிர்ச்சி, வாயு என்று சொல்லி முட்டை, பால், பருப்பு, கீரையை மட்டும் நிறுத்திவிடாதீங்க. ஒரே வேளையிலே வயிறு நிறையச் சாப்பிட முடியாது. அஞ்சாறு தடவையாகப் பிரித்துக் கொடுங்க.

அங்கன்வாடியிலே கொடுக்கும் சத்துமாவு அவளுக்குத்தான். வீட்டுக்கு வந்ததும் ஆளுக்கொரு உருண்டை பிடித்தால் அவளுக்கு மிஞ்சுவது என்ன? பிள்ளைகள் கேட்டால் அவர்களுக்கு வேறே ஏதாவது செய்து கொடுங்க.

இரும்புச்சத்து மாத்திரை நாலாம் மாசத்திலிருந்து தினம் ஒன்று, குறைந்தது 180 நாள். மலம் கறுத்துப் போகும், பயப்பட வேண்டாம். காப்பி, டீயோடு சாப்பிடக் கூடாது. சுண்ணாம்புச்சத்து மாத்திரையை அதே நேரத்திலே சேர்க்காமல் வேறே வேளையிலே கொடுங்க. "மாத்திரை போட்டியாம்மா?" என்று தினம் ஒருத்தர் கேட்டாலே பாதி மறதி போய்விடும்.

அடுத்தது வேலை. கர்ப்பிணி படுத்தே கிடக்கணும் என்று சொல்லவில்லை. நடக்கலாம், லேசான வேலை செய்யலாம்; அது நல்லதுதான். ஆனால் நாள் பூராவும் குனிந்து நடவு, தலைச்சுமை விறகு, இடுப்பிலே குடம், இவை வேண்டாம். பகலிலே இரண்டு மணி நேரம், ராத்திரி எட்டு மணி நேரம் படுக்க விடுங்க. தண்ணியை வீட்டுக்காரர் சைக்கிளிலே கட்டி எடுத்து வரலாம். அதனாலே கௌரவம் குறைந்துவிடாது. பூச்சிமருந்து கலக்குகிற இடத்துக்கும் அடிக்கிற வயலுக்கும் அவளை அனுப்பவே வேண்டாம். மருந்து தெளித்த துணியை அவளைத் துவைக்கச் சொல்லவும் வேண்டாம்.

கூலிக்குப் போனால்தான் அடுப்பு எரியும் என்கிற குடும்பத்துக்கு இது பெரிய கஷ்டம். அந்தக் கூலி இழப்புக்காகத்தான் தமிழ்நாட்டிலே 1987இல் 300 ரூபாயோடு மகப்பேறு உதவி தொடங்கினார்கள். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரிலே உள்ள அந்த உதவி 2018இல் 18,000 ரூபாயானது. அதிலே 4,000 ரூபாய்க்கு ஊட்டச்சத்துப் பெட்டகம். இப்போது எத்தனை தவணை, என்ன சான்று வேண்டும் என்று உங்க ஊர் நர்சம்மாவிடம் கேளுங்க. பன்னிரண்டு வாரத்துக்குள் பேரைப் பதிந்தால்தான் எல்லாம் ஒழுங்காக நடக்கும். அந்தப் பணம் வந்தால் பழைய கடனுக்குப் போகாமல் அவள் தட்டுக்குப் போகட்டும்.

மூன்றாவது, எடை பார்ப்பது. நர்சம்மா ஒவ்வொரு தடவையும் எடையை அட்டையிலே எழுதுவார். வீட்டுக்காரரே, அந்த அட்டையை வாங்கிப் பாருங்க. பால் சொசைட்டி அட்டையைப் பார்க்கிறீங்க இல்லையா, அதுபோல. போன மாசம் 48, இந்த மாசமும் 48 என்றால் ஏதோ குறை இருக்கு. உடனே நர்சம்மாவிடம் சொல்லுங்க. ஒரே மாசத்திலே மூணு கிலோவுக்கு மேலே ஏறினாலும் காட்டணும். முகம், கை வீங்கி, தலைவலி, கண் மங்கல் இருந்தால் ரத்தக் கொதிப்பாக இருக்கலாம். அது காத்திருக்கிற விஷயமில்லை. 108க்குப் போன் செய்து அன்றைக்கே அழைத்துப் போங்க.

"இரண்டு உயிருக்குத் தின்னணும்" என்று இரண்டு பங்கு சோறும் இனிப்பும் திணிப்பதும் தவறு. அளவுக்கு மேலே ஏறினால் கர்ப்ப காலச் சர்க்கரை, ரத்தக் கொதிப்பு எல்லாம் வரலாம். 75 கிராம் குளுக்கோசைத் தண்ணியிலே கலக்கிக் குடிக்கக் கொடுத்து, இரண்டு மணி நேரம் கழித்து ரத்தம் பார்ப்பார்கள். 140 அல்லது அதற்கு மேலே இருந்தால் சர்க்கரை. வெறும் வயிற்றோடுதான் போகணும் என்றில்லாத இந்தச் சுலபமான சோதனையைப் பரப்பியவர் சென்னை டாக்டர் சேஷய்யா. சர்க்கரை என்று தெரிந்தால் அவளைப் பட்டினி போடாதீங்க. டாக்டர் சொன்னபடி வீடு முழுக்கச் சோற்றைக் கொஞ்சம் குறைத்துக் காயைக் கூட்டுங்க. சாயங்காலம் அவளோடு கூட ஒருத்தர் நடங்க.

நம்ம பெரியவங்க வளைகாப்பு வைத்தது சும்மா வளையல் போடவா? புளிச்சோறு, எலுமிச்சை, தேங்காய், தயிர் என்று வகை வகையாக ஊரே கூடி ஊட்டிவிட்டது. "நீ தனி ஆளில்லை, நாங்க இருக்கோம்" என்பதுதான் அதற்கு அர்த்தம். அது ஒரு நாளோடு முடியாமல் இருக்கட்டும். மாமியார் இல்லாத வீடு, பிழைக்க வந்த குடும்பம் உங்க தெருவிலே இருந்தால், மகளிர் குழுவிலே முறை வைத்துக்கொண்டு ஒரு கிண்ணம் கீரையோ சுண்டலோ கொடுத்தனுப்புங்க. தாய் வீட்டுக்குப் போகும்போது அட்டையும் மாத்திரையும் கூடவே போகணும். அந்த ஊர் நர்சம்மாவுக்கும் சொல்லி வையுங்க.

இன்னொன்றும் உண்டு. கர்ப்பிணி வயிறார உண்ணுவதற்கு மனசும் ஆறியிருக்கணும். "என்ன இப்படித் தின்கிறா", "பெண்ணாப் பிறந்தா என்ன செய்வது" என்ற பேச்சு காதிலே விழுந்தால் சோறு தொண்டையிலே இறங்காது. எடை ஏற நல்ல சொல்லும் ஒரு சத்துதான்.

ஆக, நினைவிலே வையுங்க: முதல் வட்டில் அவளுக்கு. முதல் டம்ளர் பால் அவளுக்கு. குடமும் விறகும் மற்றவருக்கு. மாசம் ஒரு தடவை எடை அட்டையை வீட்டுக்காரர் பார்க்கணும். இன்றைக்கு ராத்திரிச் சாப்பாட்டிலேயே தொடங்கலாம். இலை போடும்போது அவளையும் கூப்பிட்டு உட்கார வையுங்க.