சுமையே இழுத்த ரயில்!



முதலாண்டு மெக்கானிக்ஸ் பாடத்தில் எல்லோரையும் ஒரு கணக்கு பாடாய்ப் படுத்தியிருக்கும். ஒரு சாய்தளம், மேலே ஒரு கப்பி, கயிற்றின் ஒரு முனையில் கனமான எடை, மறுமுனையில் லேசான எடை. "கயிற்றின் இழுவிசையைக் கண்டுபிடி." பத்து மார்க். நானும் மனப்பாடம் பண்ணி எழுதிப் பாஸ் ஆனவன்தான். இந்தக் கணக்கால் உலகத்தில் யாருக்கு என்ன பிரயோஜனம் என்று அப்போது நினைத்தேன்.

பிரயோஜனம் இருந்தது. இதே கணக்கை வைத்து நம் பக்கத்து மலையில் 56 வருடம் ஒரு ரயில் ஓடியிருக்கிறது! திருப்பூரில் பாதிப் பேருக்கு அது தெரியாது. எனக்கும் போன டிசம்பர் வரை தெரியாது.

நாங்கள் ஆறு பேர் டாப்ஸ்லிப் வழியாகப் பரம்பிக்குளம் போயிருந்தோம். கூட வந்த வழிகாட்டி அண்ணன் காட்டுக்குள் ஒரு மேட்டைக் காட்டி, "இதுல ரயில் ஓடுச்சு தம்பி" என்றார். நாங்கள் சிரித்தோம். சுற்றிலும் தேக்கும் மூங்கிலும். எங்கேயோ மயில் அகவுகிறது. ரயிலா? "நெசமாத்தான். எங்க தாத்தா அதுக்கு மரம் ஏத்துனவரு" என்றார். அதற்குப் பிறகு நாங்கள் சிரிக்கவில்லை. ஊருக்கு வந்ததும் நூலகத்தில் தேடிப் படித்ததையும் வகுப்பில் படித்ததையும் சேர்த்துத்தான் இந்தக் கட்டுரையை எழுதுகிறேன்.

காடு இருந்தது, வழி இல்லை

ஆனைமலைத் தேக்குக்கு அந்தக் காலத்திலேயே பெரிய பெயர். பம்பாய்க் கப்பல் கட்டும் துறைக்குத் தேக்கு வேண்டும் என்று 1840களின் இறுதியில் ஜேம்ஸ் மைக்கேல் என்ற ராணுவ அதிகாரியை வெள்ளைக்காரர்கள் இங்கே அனுப்பினார்கள். மலை உச்சியிலிருந்து மரத்தைச் சரிவில் வழுக்கி விடுவார்கள். 'டாப்ஸ்லிப்' என்ற பெயர் அப்படி வந்ததுதான்.

டாப்ஸ்லிப் சென்னை மாகாணத்தில் இருந்தது. அதை அடுத்த பரம்பிக்குளம் கொச்சி சமஸ்தானத்துக்குச் சொந்தம். அங்கே தேக்கும் ஈட்டியும் நிறைய இருந்தும் கீழே கொண்டுவர வழியில்லை. ஆற்றில் மிதக்க விடலாமே என்று கேட்கலாம். புதிதாக வெட்டிய தேக்கு தண்ணீரில் மிதக்காது; ஈட்டி அதைவிடக் கனம். காய வைத்து மிதக்க விட்டாலும், அந்தத் தண்ணீர் போய்ச் சேருவது சாலக்குடி ஆற்றில். வழியில் அதிரப்பள்ளி அருவி இருக்கிறது. அத்தனை உயரத்திலிருந்து பாறையில் விழுந்தால் மரம் விறகாகத்தான் கிடைக்கும்.

அதனால் கொச்சி சமஸ்தானத்தின் வனத்துறை ஒரு யோசனை சொன்னது. பரம்பிக்குளத்திலிருந்து சாலக்குடி வரை காட்டுக்குள்ளேயே தண்டவாளம் போடுவது! சாலக்குடியில் ஏற்கெனவே ரயில் இருந்தது. 1902-ல் திறந்த ஷொரனூர்–கொச்சி பாதை அது. அந்தப் பாதைக்குப் பணம் சேர்க்க மகாராஜா ராமவர்மா கோயில் யானைகளின் தங்க நெற்றிப்பட்டங்களையே விற்றார் என்று இன்றைக்கும் சொல்வார்கள். மரம் சாலக்குடி வந்துவிட்டால் போதும், கொச்சித் துறைமுகத்துக்கும் அங்கிருந்து கப்பலுக்கும் சுலபமாகப் போய்விடும்.

80 கிலோமீட்டர் காடு

1905-ல் வேலை தொடங்கி, 1907-ல் பாதை ஓடத் தொடங்கியது. பெயர் கொச்சி ஸ்டேட் ஃபாரஸ்ட் டிராம்வே. நீளம் நாற்பத்தொன்பதரை மைல், அதாவது கிட்டத்தட்ட 80 கிலோமீட்டர். இங்கிருந்து ஈரோடு போய், மறுபடி பாதி தூரம் திரும்பி வந்தால்கூட அவ்வளவு ஆகாது. முழுக்கக் காடு, மலை, யானை. அகலம் மீட்டர் கேஜ். பொள்ளாச்சி லைனில் நம் அப்பா அம்மா ஏறிப் போனார்களே, அதே அகலம். எஞ்சின்கள் ஜெர்மனியின் ஓரன்ஸ்டைன் அண்டு கோப்பல் கம்பெனியில் செய்தவை.

எஞ்சினியர் பெயர் ஏட்டில் இருக்கிறது. கல் உடைத்தவர், மண் சுமந்தவர், காட்டுக் காய்ச்சலில் படுத்தவர் பெயரெல்லாம் எதிலும் இல்லை. அந்தக் காட்டில் தலைமுறை தலைமுறையாக இருப்பவர்கள் காடர், மலசர், மலைமலசர், முதுவர் ஆகிய மக்கள். எந்தச் சரிவில் கால் வைக்கலாம், எந்த ஓடை மழைக்குப் பொங்கும் என்பது அவர்களுக்குத் தெரிந்த அளவு எந்த வரைபடத்துக்கும் தெரியாது. எங்களோடு வந்த அண்ணனின் தாத்தாவும் அவர்களில் ஒருவர்.

சரி, மலை எப்படி இறங்கியது?

நம் பாடம் வருவது இந்த இடத்தில்தான். சமமான தரையில் நீராவி எஞ்சின் இழுக்கும். செங்குத்தான சரிவில் எஞ்சின் உதவாது. இரும்புச் சக்கரத்துக்கும் இரும்புத் தண்டவாளத்துக்கும் இடையே உராய்வு குறைவு, வழுக்கிவிடும். அமெரிக்க மரக்காடுகளில் இதற்காக எல்லாச் சக்கரத்தையும் பல்சக்கரத்தால் ஓட்டும் எஞ்சினையே செய்தார்கள். எஃப்ரைம் ஷே என்ற மரவியாபாரி 1881-ல் அதற்குக் காப்புரிமை வாங்கினார்.

கொச்சிக்காரர்கள் செய்தது அதைவிட எளிமை. சரிவின் உச்சியில் ஒரு பெரிய உருளை, அதில் இரும்புக் கயிறு. கயிற்றின் ஒரு முனையில் மரம் ஏற்றிய வண்டி, மறுமுனையில் அடிவாரத்தில் நிற்கும் காலி வண்டி. மேலே இருக்கும் வண்டியைத் தள்ளிவிட்டால் அது தன் எடையிலேயே இறங்கும். இறங்கும்போதே காலி வண்டியை மேலே இழுத்துவிடும். நிலக்கரி வேண்டாம், எஞ்சின் வேண்டாம். சுமையே இழுத்துக்கொள்ளும்!

ஒரு உதாரணக் கணக்குப் போட்டுப் பார்த்தேன் (எண்கள் என்னுடையவை, உராய்வையும் கயிற்றின் எடையையும் விட்டுவிடுகிறேன்). மரவண்டி 6 டன், காலி வண்டி 2 டன், சரிவு பத்துக்கு ஒன்று, நீளம் ஒரு கிலோமீட்டர். வித்தியாசம் 4 டன். அதில் பத்தில் ஒரு பங்கு, சுமார் 400 கிலோ எடைக்குச் சமமான விசை வண்டியைக் கீழே தள்ளுகிறது. பிரேக் போடாமல் விட்டால் அடிவாரத்தில் வேகம் மணிக்கு 110 கிலோமீட்டருக்கு மேல்! கீழே நிற்பவன் கதி என்ன?

ஆகவே இதில் உண்மையான மெஷின் உருளையில் இருக்கும் பிரேக்தான். அந்த ஒரு இறக்கத்தில் பிரேக் தின்ன வேண்டிய சக்தி ஒரு குடம் பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதும். அத்தனையும் சூடாக வெளியே போக வேண்டும். பிரேக்மேன் கண் அசந்தால் போச்சு. மெஷின்ஸ் லேபில் பேண்டு பிரேக் டிரம்மைத் தொட்டுப் பார்த்துக் கையைச் சுட்டுக்கொண்டவர்கள் நம் வகுப்பிலேயே இருக்கிறார்கள். அவர்களுக்கு விளக்கம் தேவையில்லை.

ஏன் நின்றது?

இவ்வளவு அருமையான ஏற்பாடு 1963-ல் மூடப்பட்டது. மழைக்கு மண் சரியும், பாலம் பழுதாகும், காட்டுக்குள் 80 கிலோமீட்டரைப் பராமரிப்பது யானையைக் கட்டித் தீனி போடுவது மாதிரி. லாரியும் ரோடும் வந்த பிறகு செலவுக்கு வரவு கட்டவில்லை. நஷ்டக் கணக்கு காட்டி மூடினார்கள். தண்டவாளத்தைப் பெயர்த்து எடுத்தார்கள்.

என் மனதில் பட்ட காரணம் இன்னொன்று உண்டு. அந்தச் சாய்தளத்தில் மேலே ஏறிய வண்டியை நினைத்துப் பாருங்கள். கீழே போனது தேக்கு, மேலே வந்தது காலி வண்டி. கயிற்றுக்கு அது சமநிலை. காட்டுக்கு அது சமநிலையா? ஒரு தேக்கு வெட்டும் பருவத்துக்கு வர அறுபது எழுபது வருடம் வேண்டும். ரயிலின் மொத்த ஆயுசே 56 வருடம்! முதல் வருடம் வெட்டிய இடத்தில் அன்றே கன்று நட்டிருந்தாலும், அது முற்றுவதற்குள் ரயில் போய்ச் சேர்ந்துவிட்டது.

இதைப் புரிந்துகொண்ட ஒரு மனிதர் பக்கத்து டாப்ஸ்லிப்பிலேயே இருந்தார். ஹ்யூகோ வுட் என்ற வன அதிகாரி. மரத்தை வேரோடு எடுக்காமல் அடிக்கட்டையை விட்டு வெட்டினால் மறுபடி துளிர்க்கும் என்று சொல்லிச் செய்து காட்டினார். நடந்து போகும்போது கைத்தடியால் மண்ணில் குத்தி, பையிலிருந்து தேக்கு விதையை எடுத்துப் போட்டுக்கொண்டே போவாராம். 1933-ல் காலமான அவரை அவர் வளர்த்த தேக்குகளுக்கு நடுவிலேயே அடக்கம் செய்திருக்கிறார்கள். என் நினைவுச் சின்னம் வேண்டுமானால் சுற்றிப் பார் என்ற பொருளில் கல்லறையில் லத்தீனில் எழுதியிருக்கிறது. சுற்றிப் பார்த்தோம். ஆறு பேரில் ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லை.

பரம்பிக்குளத்தில் வெட்டாமல் விட்ட கன்னிமாராத் தேக்கையும் பார்த்தோம். வயது சுமார் 450 என்கிறார்கள். நாங்கள் கைகோத்து நின்று கட்டிப் பிடிக்கப் பார்த்தோம். கஷ்டப்பட்டுத்தான் எட்டியது.

இதில் நமக்கு என்ன?

இருக்கிறது. அந்த மலையிலிருந்து இப்போது இறங்குவது தண்ணீர். பரம்பிக்குளம்–ஆழியாறு திட்டத்தில் அந்தத் தண்ணீர் துணக்கடவு வழியாகச் சர்க்கார்பதி மின்நிலையத்துக்கு விழுந்து, மின்சாரம் கொடுத்துவிட்டு, கால்வாயில் திருமூர்த்தி அணைக்கு வருகிறது. உடுமலை, பல்லடம், காங்கயம் பக்கத்துத் தோட்டங்களுக்குப் பாய்கிறது. காடு இருந்தால்தான் அந்தத் தண்ணீர். மரம் இறங்கிய அதே புவியீர்ப்பில் இன்றைக்கு நம் மாவட்டத்துக்குத் தண்ணீர் இறங்குகிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், அது என் வீட்டுக் கதை. என் அப்பா ஒரு சின்னச் சாயப்பட்டறையில் பாய்லர் பார்த்தவர். நொய்யலில் சாயக்கழிவு கலப்பதை நிறுத்தச் சொல்லி 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் பட்டறைகளை மூட உத்தரவிட்டபோது அவர் வேலையும் போச்சு. அப்போது நான் சின்னப் பையன். வீட்டில் அம்மா எண்ணி எண்ணி அரிசி அளந்தது மட்டும் ஞாபகம் இருக்கிறது. ரொம்ப நாள் அந்தக் கோர்ட்டு மேல் எனக்குக் கோபம்.

பரம்பிக்குளத்திலிருந்து வந்த அன்றைக்கு ராத்திரி அப்பாவிடம் இந்த ரயில் கதையைச் சொன்னேன். கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருந்தார். பிறகு, "நாங்களும் அப்படித்தான் கண்ணு. ஆத்துல இருந்து நல்ல தண்ணி எடுத்தோம், சாயத் தண்ணியத் திருப்பி விட்டோம். எத்தனை நாளைக்கு ஓடும்?" என்றார். எங்கள் வாத்தியார் யாரும் இவ்வளவு சுருக்கமாகச் சொன்னதில்லை.

அந்தப் பட்டறைகளில் பலவும் பிறகு கழிவே வெளியேறாத சுத்திகரிப்போடு திறந்தன. சவ்வு வழியே வடிகட்டி, மிச்சத்தைக் காய்ச்சி ஆவியாக்கி, தண்ணீரையும் உப்பையும் மறுபடி சாயத்துக்கே எடுத்துக்கொள்கிறார்கள். செலவு அதிகம், மின்சாரம் அதிகம், சின்னப் பட்டறைக்காரருக்குத் தாங்குவதில்லை. அப்பா வேலை பார்த்த பட்டறை திறக்கவே இல்லை. அந்தச் செலவைக் குறைக்கிற வேலை யாருடையது? நம்முடையதுதான் நண்பர்களே! பம்பு, வால்வு, ஆவியாக்கி, ஹீட் எக்ஸ்சேஞ்சர் எல்லாம் நாம் படிக்கிற பாடம். நாளைக்கு நம்மில் பாதிப் பேர் வேலைக்குப் போகப்போவதும் அங்கேதான்.

அந்த ரயிலைக் கட்டியவர்கள் திறமைசாலிகள். ஒரு சொட்டு எரிபொருள் இல்லாமல் மலையிலிருந்து தேக்கை இறக்கினார்கள். கயிற்றின் இரண்டு முனையையும் கணக்குப் பார்த்தவர்கள் காட்டின் கணக்கைப் பார்க்கவில்லை. அடுத்த முறை சாய்தளக் கணக்கு பரீட்சையில் வந்தால் பத்து மார்க்கை விட்டுவிடாதீர்கள். எழுதி முடித்ததும் ஒரு நிமிஷம் யோசியுங்கள்: இறங்குகிற வண்டியில் என்ன இருக்கிறது, ஏறுகிற வண்டியில் என்ன இருக்கிறது?

காலியாக மட்டும் இருக்கக் கூடாது.

— இறுதியாண்டு, இயந்திரவியல் பிரிவு