மாடித் திரை கீழ்த் திரையைக் குறைப்பது ஏன்?

மைசூரு குவெம்பு நகரிலிருந்து அன்பர் ஒருவர் எழுதியிருக்கும் கடிதத்தில் விஞ்ஞான சந்தேகமும் குடும்பக் கவலையும் பிரிக்க முடியாதபடி கலந்திருக்கின்றன. கீழ்க் கூடத்தில் 4கே தொலைக்காட்சியும், ஐந்து ஸ்பீக்கர்களும் ஒரு சப்-ஊஃபரும் சேர்ந்த ஹோம் தியேட்டரும் வைத்திருக்கிறார்; முழங்கால் வலியால் படியிறங்க இயலாத அவருடைய தாயாரின் மாடி அறையிலோ, பழைய டி.வி. ஒன்றுதான் உண்டு. விஜயதசமியன்று சாமுண்டேசுவரி அம்மன் தங்க அம்பாரியில் எழுந்தருளி அரண்மனையிலிருந்து பன்னிமண்டபம் நோக்கிச் செல்லும் ஜம்பு சவாரியை, கூடத்தில் கூடும் உறவினரைப் போலத் தாயாரும் அதே கணத்தில் காண வேண்டும் என்ற ஆசையில், இணைய வழிப் படம் தரும் பெட்டிக்கும் திரைகளுக்கும் நடுவே ஒரு எச்.டி.எம்.ஐ. ஸ்பிளிட்டரை அவர் வாங்கிப் பொருத்தினார்.

படம் மாடிக்குப் போய்ச் சேர்ந்தது. ஆனால் அந்தக் கணமே கூடத்துத் திரை ஒரு விநாடி கறுத்து மீண்டது. மீண்ட படத்தில் பழைய கூர்மை இல்லை. சுற்றி நின்ற ஐந்து ஸ்பீக்கர்களில் முன்னிரண்டு மட்டுமே பேசின. மாடிக் கேபிளைப் பிடுங்கினால் எல்லாம் பழையபடி ஆயிற்று. கடைக்காரர், சிக்னல் இரண்டாகப் பங்கிடப்படுவதால் வலுக்குறைந்துவிட்டது என்று விளக்கம் சொல்லி, அதைவிட இரு மடங்கு விலையுள்ள வேறொரு ஸ்பிளிட்டரைக் கொடுத்தார். அதிலும் அதே கதைதான். 'மாடி டி.வி. கூடத்துச் சிக்னலைத் திருடுகிறதா?' என்று கேட்கிறார் அன்பர்.

திருடவில்லை. சிக்னல் வலுக்குறையவும் இல்லை. நடந்தது இவ்விரண்டையும்விடச் சுவாரசியமான சங்கதி.

கடைக்காரரின் விளக்கம் முழுப் பொய்யன்று. ஒரு தலைமுறைக்கு முன் அது மெய்யாகவே இருந்தது. கேபிள் டி.வி. அனலாக்காக இருந்த நாளில், சுவரில் வந்திறங்கும் ஒற்றைக் கம்பியைச் சிறு ஸ்பிளிட்டரால் இரண்டாக்கினால், ஒவ்வொரு கிளைக்கும் பாதி சக்திதான் கிடைக்கும். கணக்கில் 3 டெசிபல் நஷ்டம், நடைமுறையில் அதற்குச் சற்று அதிகம். படத்தில் புள்ளிகள் பொரிந்தால் பூஸ்டர் வைத்துச் சரிக்கட்டினார்கள். 2013 மார்ச் 31-ஐக் கெடுவாகக் கொண்டு கேபிளை டிஜிட்டலாக்கிய இரண்டாம் கட்டத்தின் 38 நகரங்களில் மைசூரும் ஒன்று; அன்றுமுதல் ஒவ்வொரு டி.வி.க்கும் தனிப் பெட்டி வேண்டியதாயிற்று, ஒரே பெட்டியை இரண்டு திரைக்குப் பகிரும் ஆசையும் வீடுதோறும் பிறந்தது. சரித்திரத்தை இன்னும் பின்னோக்கித் தொட வேண்டுமானால், 1935-இல் மகாராஜா கல்லூரியின் மனத்தத்துவப் பேராசிரியர் எம்.வி. கோபாலசுவாமி இதே மைசூரில் தம் வீட்டிலிருந்து ஆகாசவாணியை ஒலிபரப்பத் தொடங்கியதைச் சொல்லலாம்; அதைச் சொல்வதற்குக் காரணம், அந்த நிலையத்துக்குத் தன்னைக் கேட்பவர் எத்தகைய வானொலிப் பெட்டி வைத்திருக்கிறார் என்று தெரிய வேண்டிய அவசியமே இருந்ததில்லை என்பதுதான். ஒலிபரப்பு ஒரு வழிப் பேச்சு. எச்.டி.எம்.ஐ. அப்படியன்று, அது பேசுவதற்கு முன் கேட்கிறது.

இந்தக் கேட்கும் காரியந்தான் இக்கட்டுரையின் விஷயம். எச்.டி.எம்.ஐ. கேபிளின் முனையில் 19 ஊசிகள் இருக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவை படத்தையும் ஒலியையும் மிகுந்த வேகத்தில் சுமப்பவை. விநாடிக்கு 60 பிரேம் வீதம் 4கே படம் ஓடும்போது, மூன்று ஜோடிக் கம்பிகளில் ஒவ்வொன்றிலும் விநாடிக்கு 594 கோடி பிட்டுகள் பாய்கின்றன. ஆனால் அவை பாயத் தொடங்குமுன், 18-ஆம் ஊசியின் வழியே பெட்டி ஐந்து வோல்ட் மின்சாரத்தைத் திரைக்கு அனுப்புகிறது. 'இங்கே நான் இருக்கிறேன்' என்று திரை 19-ஆம் ஊசியை உயர்த்திக் காட்டுகிறது. பின்பு 15, 16-ஆம் ஊசிகள் வழியே, விநாடிக்கு ஒரு லட்சம் துடிப்பு என்ற, இக்காலத்துக்கு ஆமை வேகமென்றே சொல்லத்தக்க நடையில், திரை தன்னைப் பற்றி எழுதிவைத்திருக்கும் ஒரு குறிப்பைப் பெட்டி வாசிக்கிறது. அந்தக் குறிப்புக்கு ஈ.டி.ஐ.டி. என்று பெயர். கணினித் திரைகளுக்காக 1994-இல் வகுக்கப்பட்ட இந்த ஏற்பாட்டையே, 2002-இல் பிறந்த எச்.டி.எம்.ஐ. தனதாக்கிக்கொண்டது.

அதன் அடிப்படைப் பகுதி வெறும் 128 பைட். அவ்வளவு சிறிய இடத்தில் அடங்கியிருப்பதைப் பார்க்கையில் எனக்கு உண்டாகும் ஆனந்தம், பெரிய யந்திரங்களைப் பார்க்கும்போதுகூட உண்டாவதில்லை. முதல் எட்டு பைட்டுகள் ஒரு சுபிட்ச அடையாளம்போல எப்போதும் ஒன்றே: ஒரு சுழியம், ஆறு 255, மறுபடி ஒரு சுழியம். அடுத்த இரண்டு பைட்டுகளில், எழுத்துக்கு ஐந்து பிட் வீதம் நெருக்கி, தயாரிப்பாளரின் மூன்றெழுத்துச் சுருக்கம். பின்னர் அது தயாரான வாரமும் வருஷமும். வருஷத்தை முழுதாக எழுத இடமில்லாததால் 1990-க்குப் பின் எத்தனையாவது என்று மட்டும் எழுதுவார்கள், 2014-இல் தயாரானதென்றால் 24. அப்புறம் திரையின் நீள அகலம் சென்டிமீட்டரில். அதன் சிவப்பும் பச்சையும் நீலமும் வெண்மையும் துல்லியமாக எந்தச் சாயல் என்னும் குறிப்பு. எந்தெந்த அளவுப் படங்களை, விநாடிக்கு எத்தனை முறை காட்ட வல்லது என்னும் பட்டியல். கடைசி பைட் இவை யாவற்றுக்கும் காவல்: 128 பைட்டுகளையும் கூட்டினால் வரும் தொகை 256-ஆல் மீதியின்றி வகுபடுமாறு அது நிர்ணயிக்கப்பட்டிருக்கிறது, வகுபடாவிட்டால் வாசித்ததில் எங்கோ பிழை என்று பெட்டி அறிந்துகொள்ளும். தொலைக்காட்சிகளுக்கு இன்னொரு 128 பைட் தொடர்ச்சி உண்டு. அதில்தான் ஒலி விவரம் வருகிறது. ஒவ்வொரு ஒலி முறைக்கும் மூன்றே பைட்: என்ன முறை, எத்தனை சேனல், எந்த வேகத்தில். அன்பரின் ஹோம் தியேட்டர் ஆறு சேனல் என்று அங்கே எழுதிவைத்திருக்கிறது. அவருடைய தாயாரின் டி.வி. இரண்டே சேனல் என்று எழுதிவைத்திருக்கிறது. முழுக் குறிப்பையும் வாசிக்க ஒரு விநாடியில் ஏறத்தாழ நாற்பதில் ஒரு பங்கு போதும். கோடிக்கணக்கான பிட்டுகளின் போக்கை, மெதுவாக நடக்கும் இந்தச் சின்னஞ்சிறு குறிப்பே தீர்மானிக்கிறது.

இப்போது நடுவில் ஸ்பிளிட்டர் வந்து நிற்கிறது. பெட்டியின் கண்ணுக்குத் திரை என்று தென்படுவது ஸ்பிளிட்டர் ஒன்றுதான். எனவே ஒரே ஒரு குறிப்பை அது காட்ட வேண்டும். கையில் இருப்பவையோ இரண்டு. எதைக் காட்டுவது?

இதை ஒரு கல்யாணப் பந்தியாக நினைத்துப் பார்க்கலாம். சமையற்காரர் அடுக்களையைவிட்டு வெளியே வருவதில்லை. அவரிடம் அண்டாவும் ஒன்றுதான். மைசூர் ரசத்தைக் காரசாரமாக வைக்க அவருக்குக் கை கூசாது. ஆனால் இலையில் உட்கார்ந்திருப்பவர் யார், அவர்களுக்கு எது ஒத்துக்கொள்ளும் என்பதைப் பரிமாறுபவர் வந்து சொல்லித்தான் அவர் அறிய வேண்டும். பந்தியில் இருவர்: ஒருவர் எவ்வளவு மிளகாயும் தாங்குவார், மற்றவருக்கு வயிற்றுப்புண். பரிமாறுபவர் பொறுப்பானவராக இருந்தால், இருவருக்கும் ஒத்துக்கொள்வதை மட்டும் சொல்கிறார், அண்டா முழுவதும் காரமில்லாத ரசமாகிறது, முதலாமவர் ஏமாறுகிறார். அன்பர் வீட்டில் நடந்தது இதுவே. பரிமாறுபவர் முதல் இலைக்காரரை மட்டும் விசாரித்துவிட்டு ஓடுபவராக இருந்தால், காரமான ரசம் வருகிறது. இரண்டாமவர் இலையைத் தொடாமல் எழுந்துவிடுகிறார். மாடித் திரையில் 'சிக்னல் இல்லை' என்ற வாசகம் தெரிவது அப்போதுதான். யாரையும் கேட்காமல், தாமே மனப்பாடமாக வைத்திருக்கும் ஒன்றை ஒப்பிப்பவரும் உண்டு. மலிவான ஸ்பிளிட்டர்கள் பலவற்றுக்குள் இப்படி நிரந்தரமாகப் பதித்த குறிப்பு ஒன்று இருக்கிறது. இவர்களுக்கெல்லாம் மேலான ஒருவர், முதல் இலைக்குக் காரமாகவே வாங்கி வந்து, இரண்டாம் இலைக்கு விடும்போது கையிலுள்ள சொம்பு வெந்நீரால் விளாவிப் பரிமாறுகிறார். வயிற்றுப்புண்காரர் இலைமுன் கண்ணயர்ந்துவிட்டாலும், அவர் இடுப்பில் செருகியிருக்கும் வைத்தியர் சீட்டை வாசித்துவிட்டு அடுக்களைக்கு 'காரம் வேண்டாம்' என்று சொல்லி அனுப்பும் பரிமாறுபவரும் இருக்கிறார்.

கடைசியாகச் சொன்னது கற்பனையன்று. மாடி டி.வி.யை ரிமோட்டால் அணைத்த பிறகும் கூடத்தில் படம் சீராகவில்லை என்று அன்பர் குறிப்பிட்டிருக்கிறார். டி.வி. உறங்கினாலும், கேபிள் வழியே வரும் ஐந்து வோல்ட் மின்சாரத்தில் அதன் குறிப்பேடு மட்டும் விழித்திருந்து யார் கேட்டாலும் விடை சொல்லும். மின்சாரமே இல்லாத திரையையும் கணினி அடையாளம் காண வேண்டும் என்று அப்படி வகுத்தவர்களின் முன்யோசனை வியக்கத்தக்கது. கூடத்துத் திரை ஒரு விநாடி கறுத்ததன் காரணமும் இதில் அடக்கம். புதிய திரை சேர்ந்ததும் ஸ்பிளிட்டர் 19-ஆம் ஊசியைப் பத்தில் ஒரு விநாடியாவது தாழ்த்தி உயர்த்துகிறது. குறிப்பு மாறிவிட்டது, மறுபடி வாசி என்பது அதன் பொருள். பெட்டி படத்தை நிறுத்தி, வாசித்து, புதிய அளவில் தொடங்குகிறது. பந்தி உவமை இங்கே நின்றுவிடுகிறது: காரமில்லாத ரசத்தில் பிறகு மிளகுப்பொடி தூவிக்கொள்ளலாம், பெட்டி அனுப்பாமல் விட்ட படப் புள்ளிகளை எந்தத் திரையாலும் மீட்டுத் தர முடியாது.

இதற்கு மேல் எச்.டி.சி.பி. என்னும் பூட்டு ஒன்றும் இருக்கிறது. படங்கள் பிரதி எடுக்கப்படாதிருக்கப் பெட்டியும் திரையும் ரகசியச் சாவிகளைக் கொண்டு ஒன்றையொன்று சோதித்துக்கொள்ளும் முறை அது. 4கே படங்களுக்கு அதன் 2.2 பதிப்பை இணைய நிறுவனங்கள் வற்புறுத்துகின்றன. ஸ்பிளிட்டருக்குப் பின்னுள்ள ஒரு திரை பழைய பதிப்பினதாயின், அந்தத் திரைக்கு அப்படத்தை அனுப்ப ஸ்பிளிட்டருக்கு அனுமதியில்லை. ஆகவே வெந்நீர்ச் சொம்பு ஏந்திய உயர்ந்த ஸ்பிளிட்டரும்கூடச் சில படங்களில் மாடிக்குக் கறுப்புத் திரையையே தரக்கூடும்.

இவ்வளவும் தெரிந்தபின், ஸ்பிளிட்டர் அட்டைப்பெட்டிகளின் மேல் பெரிய எழுத்தில் அச்சிட்டிருப்பவற்றைப் படித்தால் மனம் கசக்கிறது. 'சிக்னல் இழப்பு அறவே இல்லை' என்பது மெய். ஏனெனில் டிஜிட்டல் ஸ்பிளிட்டர் சிக்னலைப் பங்கிடுவதே இல்லை, வந்ததை வாசித்துப் புதிதாக எழுதி இரு பக்கமும் அனுப்புகிறது. அதற்காகவே அதற்குத் தனி மின்சாரம் வேண்டியிருக்கிறது. பலவீனம் இல்லாத இடத்தில் பலத்தை விளம்பரம் செய்வதால் வாங்குபவருக்கு என்ன பிரயோஜனம்? '8கே' என்ற முத்திரையும் அப்படியே. மாடியில் பழைய டி.வி. இருக்கும்வரை அந்த எண் வீட்டுக்குள் நுழையப்போவதில்லை. முலாம் பூசிய முனைகளைப் பற்றி நான் எழுதப்போவதில்லை. ஸ்பிளிட்டர் எந்தக் குறிப்பைப் பெட்டிக்குக் காட்டும், அதை மாற்ற அதன் உடம்பில் சிறு சுவிட்ச் உண்டா, ஒவ்வொரு வாயிலுக்கும் தனித்தனியே படத்தைக் குறைத்துத் தருமா என்ற இம்மூன்று விஷயங்களே வாங்குபவருக்கு வேண்டியவை; அவற்றை அச்சிடுவார் அரிது.

குவெம்பு நகர் அன்பருக்கு நான் சொல்லக்கூடியது இது. ஸ்பிளிட்டரின் அடிப்புறத்தில் ஈ.டி.ஐ.டி. சுவிட்ச் இருந்தால், முதல் வாயிலின் குறிப்பையே நகலெடுக்கும் நிலைக்கு அதை மாற்றி, கூடத்து ஹோம் தியேட்டரை முதல் வாயிலில் சேர்த்துப் பாருங்கள். அத்துடன் படத்தைக் குறைத்துத் தரும் வசதியும் அதற்கு இருந்தால் இரு திரையும் ஓடும், மாடியில் ஒலி மட்டும் சில வேளை எழாமற்போகலாம். அல்லது பெட்டியை நேரே ஹோம் தியேட்டர் ரிசீவரில் இணைத்து, ரிசீவருக்குப் பின்னால் ஸ்பிளிட்டரை வையுங்கள். ஆறு சேனல் ஒலியை ரிசீவர் தானே வாங்கிக்கொள்வதால் கூடத்துச் சப்தம் தப்பிக்கும், ஆனால் பல ரிசீவர்கள் ஒலியை மேலே அனுப்புவதில்லையாதலால், அதற்கான ஏற்பாடு உங்கள் ரிசீவரில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். மாடிவரை நீண்ட கேபிள் இழுப்பதானால், இவ்வளவு வேகத்தில் சாதாரணச் செம்புக் கேபிள் சில மீட்டருக்கு மேல் நம்பத்தக்கதன்று. உள்ளே ஒளியிழை வைத்த எச்.டி.எம்.ஐ. கேபிளே ஏற்றது.

ஒரே தரமுள்ள இரண்டு திரைகளுக்கு ஸ்பிளிட்டர் உத்தமமான சாதனம். தரம் வேறுபட்ட இரண்டு திரைகளுக்கு அது ஏற்றதன்று என்பதே என் அபிப்பிராயம். அடுத்த தசராவுக்குள், வாங்கிய இரண்டு ஸ்பிளிட்டர்களில் ஒன்றையேனும் திருப்பிக் கொடுத்துவிட்டு, தாயாரின் டி.வி.க்கென்று ஸ்ட்ரீமிங் ஸ்டிக் ஒன்றைத் தனியாக வாங்கிப் பொருத்திவிடுங்கள். அந்தப் பழைய டி.வி. தன்னால் இயன்ற அளவில் முழுத் தரத்தோடு ஜம்பு சவாரியைக் காட்டும். கூடத்தில் ஐந்து ஸ்பீக்கர்களும் குறைவின்றிப் பேசும். மேலும் கீழும் சில விநாடிகள் முன்பின்னாக ஓடக்கூடும், அவ்வளவே.